கோடும் புள்ளியும்: கணிப்பொறியில் எழுத்து உருப்பெற்ற வரலாறு

கவிஞன் எழுதிய வரி வாசகனின் கண்ணைச் சேர்வதற்குள் பல உருமாற்றங்களை அடைகின்றது. ஓலையில் எழுத்தாணி கீறிய காலத்திலும், ஈய அச்செழுத்துகளைக் கோத்துத் தாளில் பதித்த காலத்திலும் அவ்வுருமாற்றம் கண்ணுக்குத் தெரிந்தே நிகழ்ந்தது. கீறியவன் கையையும் கோத்தவன் கையையும் அருகிருந்து பார்த்தவர் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சுத்தொழில் கணிப்பொறியின் வசமானபோது அம்மாற்றம் கருவிக்குள் மறைந்துகொண்டது. இன்று தாளிலும் திரையிலும் காணப்படும் 'அ' என்னும் எழுத்து பெரும்பாலும் வளைகோடாகச் சேமிக்கப்பட்டுப் புள்ளிகளாக வெளிப்படுவது. கோடு புள்ளியாகும் அக்கணத்தில் எழுத்துக்கு என்ன நேர்கின்றது, அதனைச் செம்மைப்படுத்த யார் யார் எவ்வாறு உழைத்தனர் என்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் இடம்பெறுவோர் பொறியியலாரும் கணித அறிஞரும் மட்டுமல்லர். எழுத்தின் அழகில் தோய்ந்த கலைஞரும் உளர்.

ஓர் உருவத்தைக் கணிப்பொறியில் வைத்திருக்க இரு வழிகள் உள்ளன. அதனை வரையும் முறையைச் சொல்லி வைப்பது ஒரு வழி. நடுப்புள்ளி இது, ஆரம் இவ்வளவு என்றால் வட்டம் முழுதும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடும். தொடங்குமிடம், முடியுமிடம், இடையில் வளையும் பாங்கு ஆகியவற்றைக் கூறினால் எந்த வளைகோடும் அடங்கும். இதனை வெக்டார் முறை என்பர். உருவத்தின்மேல் சிறு கட்டங்கள் கொண்ட வலையை விரித்து, இக்கட்டம் கறுப்பு, இக்கட்டம் வெள்ளை என்று வரிசையாகக் குறித்து வைப்பது மற்றொரு வழி. இது ராஸ்டர் முறை. இலத்தீன் மொழியில் வெக்டார் என்பது சுமந்து செல்வதைக் குறிக்கும். ராஸ்டர் என்பதோ மண்ணைக் கோடு கோடாக வாரிச் செல்லும் பல்வைத்த கருவியின் பெயரிலிருந்து பிறந்தது. பெயரிலேயே இரண்டின் இயல்பும் விளங்கும்.

வாசலில் கோலமிடும் தாய் மகளுக்கு அக்கோலத்தைச் சொல்லித்தருவது முதல் வழியைப் போன்றது. இட்டு முடித்த கோலத்தை நிழற்படம் எடுத்து வைப்பது இரண்டாம் வழியைப் போன்றது. சொல்லிக் கற்ற கோலத்தை மகள் சிறு முற்றத்திலும் இடலாம். தெருவை அடைத்தும் இடலாம். நிழற்படத்தைப் பெரிதாக்கினால் மாவின் வெண்மை சிதறித் தெரியுமேயன்றிக் கோடு தெளிவடையாது. ஆயினும் அச்சிடும் கருவிக்கும் ஒளிரும் திரைக்கும் தெரிந்த மொழி புள்ளி ஒன்றே. எனவே முதல் வழியில் உள்ளதை இரண்டாம் வழிக்கு மாற்றியே தீரவேண்டியுள்ளது.

தொடக்கத்தில் இத்தேவை இவ்வளவு அழுத்தமாக எழவில்லை. முதற்காலத் திரைகள் சிலவற்றில் மின்னணுக் கற்றையே எழுதுகோல்போல் நகர்ந்து கோடுகளை நேராக வரைந்தது. புள்ளிகளின் வரிசைகளாலான திரைக்கு ஒவ்வொரு புள்ளியையும் நினைவில் வைத்திருக்கவேண்டும். நினைவகமோ அந்நாளில் பொன்னினும் அரிது. செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் 1973-இல் உருவான ஆல்டோ என்னும் கணிப்பொறியின் திரையில் அகலத்தில் 606, உயரத்தில் 808 புள்ளிகள் இருந்தன. அத்திரையை நிரப்புவதற்கு மட்டுமே அக்கருவியின் நினைவகத்தில் ஏறத்தாழப் பாதி செலவாயிற்று. அத்துணைச் செலவையும் ஏற்கத் துணிந்தவர்களாலேயே இன்றைய திரை பிறந்தது.

படியேறும் கோடு

புள்ளிகளைக் கொண்டு கோடு வரையும் சிக்கல் அதற்கு முன்பே ஒருவருக்கு எதிர்ப்பட்டிருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜாக் பிரெசன்ஹாம் 1962-இல், கணிப்பொறியோடு இணைத்த ஒரு வரைபொறியை இயக்கவேண்டியிருந்தது. அப்பொறியின் பேனா எட்டுத் திசைகளில் மட்டுமே அடியெடுத்து வைக்கும். அதற்கு இடைப்பட்ட சாய்வில் ஒரு கோடு வேண்டுமானால் எந்த இடத்தில் நேரே செல்வது, எந்த இடத்தில் ஒரு படி ஏறுவது என்று முடிவுசெய்தாகவேண்டும். வகுத்தலும் பின்னமும் அக்காலக் கணிப்பொறிக்குச் சுமை. பிரெசன்ஹாம் கண்ட வழியில் கூட்டல், கழித்தல், ஒப்பிடல் ஆகியவற்றுக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. 1965-இல் அது கட்டுரையாக வெளிவந்தது.

அவ்வழி கடன்கணக்குப் போன்றது. வலப்புறம் 7 அடி செல்வதற்குள் 3 படி ஏறவேண்டிய கோடு ஒன்றைக் கொள்வோம். ஒவ்வோர் அடிக்கும் கணக்கில் 3 கடன் ஏறும். கடன் ஏழின் பாதியைத் தாண்டினால் ஒரு படி ஏறி 7-ஐக் கழித்துக்கொள்ளவேண்டும். முதல் அடியில் கடன் 3; பாதியைத் தாண்டவில்லை; நேரே செல்க. இரண்டாம் அடியில் 6, தாண்டிவிட்டது, ஏறுக, மீதி குறை 1. மூன்றில் 2, நேரே. நான்கில் 5, ஏறுக. ஐந்தில் 1, நேரே. ஆறில் 4, ஏறுக. ஏழாம் அடியில் கடன் தீர்ந்து சுழியாகும். கோடும் உரிய இடத்தில் சென்று முடியும். அரையைத் தவிர்க்க வேண்டுமாயின் எல்லாவற்றையும் இரட்டித்துக்கொண்டால் போதும். பேனாவுக்காகக் கண்ட இவ்வழி பின்னர் உலகின் புள்ளித் திரைகளுக்கெல்லாம் பயன்பட்டது. கருவி மாறியபோதும் கணக்கு மாறவில்லை.

இங்கு ஓர் உண்மை கருதத்தக்கது. வரையப்பட்ட ஏழு அடிகளில் சரியான கோட்டின்மேல் அமர்ந்த புள்ளி கடைசி ஒன்றே. மற்றவை கோட்டுக்குச் சற்று மேலோ கீழோ நின்றவை. எனினும் கண் அதனைக் கோடு என்றே ஏற்கின்றது. புள்ளியாக மாற்றுதல் என்பது பிழையை ஒழிப்பதன்று. பிழையைக் கண்ணுக்கு உறுத்தாதபடி பங்கிட்டு வைப்பது.

நேர்கோட்டின் செய்தி இது. எழுத்துகளோ வளைவுகளால் ஆனவை. அதிலும் தமிழ் எழுத்துகளைச் சொல்லவே வேண்டா. வளைவைச் சுருக்கமாகச் சொல்லிவைக்கும் முறை, எழுத்தோடு தொடர்பே இல்லாத ஓரிடத்திலிருந்து வந்தது. பிரான்சு நாட்டில் சித்ரோயன் கார் நிறுவனத்தில் பணிபுரிந்த பால் த காஸ்தல்ஜோ 1959-இல், காரின் உடல் வளைவுகளைச் சில புள்ளிகளால் குறிக்கும் கணித முறையைக் கண்டார். நிறுவனம் அதனை மறைபொருளாக வைத்துக்கொண்டது. போட்டி நிறுவனமான ரெனோவில் பியர் பெசியர் 1960-களில் அதே வளைவுகளைத் தாமாகவே அடைந்து வெளிப்படையாக எழுதினார். காஸ்தல்ஜோவின் ஆய்வை வெளியுலகம் 1970-களில்தான் அறிந்தது. அதற்குள் வளைவுக்குப் பெசியர் பெயர் நிலைத்துவிட்டது. முன்னவர் பெயர் அவ்வளவைக் கணக்கிடும் முறைக்கு மட்டும் வாய்த்தது. எழுதியதை வெளியிடாது பெட்டிக்குள் வைத்திருப்போர்க்கு இது புதிய கதையன்று.

காஸ்தல்ஜோவின் முறை எளிமையும் அழகும் உடையது. நான்கு புள்ளிகளை வரிசையாக இணைத்து ஒவ்வோர் இணைப்பின் நடுவையும் குறிக்கவேண்டும். கிடைத்த மூன்று நடுப்புள்ளிகளை இணைத்து மீண்டும் நடுவைக் குறிக்கவேண்டும். அவ்விரண்டின் நடு வளைவின்மேல் அமரும். வளைவும் அவ்விடத்தில் இரு கூறாகும். ஒவ்வொரு கூற்றையும் இவ்வாறே பிளந்து சென்றால், ஒரு கட்டத்தில் துண்டு மிகச் சிறிதாகி நேர்கோட்டினின்று வேறுபாடு தெரியாததாகும். அப்போது அதனைப் புள்ளிகளாக்குவது எளிது.

எழுத்து வலைக்குள் வந்த கதை

அச்செழுத்தைப் புள்ளிகளாக்கி வைத்த முதல் கருவி ஜெர்மனியின் கீல் நகரில் ருடால்ஃப் ஹெல் உருவாக்கிய டிஜிசெட் ஆகும். 1960-களின் நடுவில் வெளிவந்த இக்கருவியில் வளைகோட்டுக்கு இடமில்லை. ஒவ்வோர் எழுத்தும் கட்டங்களில் நிரப்பிய புள்ளிக் கூட்டமாகவே சேமிக்கப்பட்டது. கோட்டைப் புள்ளியாக்கும் வேலையைக் கருவி செய்யவில்லை. கட்டத்தாளின்முன் அமர்ந்த மனிதர் செய்தனர்.

டிஜிசெட் தந்த எழுத்துகளைக் கண்ட நெதர்லாந்து வடிவமைப்பாளர் விம் குரோவல் மனம் நொந்தார். பல நூற்றாண்டுகளாகச் செப்பம் பெற்ற எழுத்துகளின் வளைவுகள் படிப்படியாக உடைந்திருந்தன. அவர் அளித்த விடை வியப்புக்குரியது. கருவியால் வளைவு இயலாதெனில் எழுத்தே வளைவைத் துறக்கட்டும் என்று, நெடுங்கோடும் கிடைக்கோடும் வெட்டிய மூலைகளும் மட்டுமே கொண்ட புதிய நெடுங்கணக்கு ஒன்றை 1967-இல் வெளியிட்டார். அதில் சில எழுத்துகளைப் பழகாதவர் படிக்கவே இயலாது. அவரும் அதனை நாள்தோறும் பயன்படுத்துவதற்கென ஆக்கவில்லை. ஒரு வாதமாகவே முன்வைத்தார். வாதம் தோற்றது. அவ்வாறு தோற்றது நன்றே எனலாம். கருவிக்காக எழுத்து வளைந்துகொடுப்பதா, எழுத்துக்காகக் கருவி வளைந்துகொடுப்பதா என்னும் வினாவை அவ்வளவு கூர்மையாக வேறெவரும் எழுப்பவில்லை. தமிழ்த் தட்டச்சுப் பொறி வந்த காலத்தில் நம் எழுத்துகளைக் குறைக்கவும் திருத்தவும் எழுந்த யோசனைகளை நினைவுகூர்வோர்க்கு இவ்வினாவின் கனம் விளங்கும்.

ஹாம்பர்க் நகரில் பீட்டர் கரோவ் 1970-களில் உருவாக்கிய இகாருஸ் என்னும் மென்பொருள், எழுத்தின் விளிம்புக்கோட்டையே கணிதமாகச் சேமித்தது. ஒருமுறை சேமித்தால் எந்த அளவுக்கும் எந்தக் கருவிக்கும் அதிலிருந்து புள்ளிகளைப் பெறலாம். எழுத்தை வைப்பது கோடாக, காட்டுவது புள்ளியாக என்னும் இன்றைய நடைமுறை இங்கேயே வேரூன்றியது.

அமெரிக்காவில் டொனால்டு நூத் வேறொரு வாயில் வழியே இத்துறையுள் புகுந்தார். கணிப்பொறியியல் குறித்துப் பல தொகுதிகளாக அவர் எழுதிவந்த நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்தபோது, 1977-இல் கைக்கு வந்த அச்சுப்படிகளின் தோற்றம் அவருக்கு ஏமாற்றமளித்தது. ஈய எழுத்தின் கட்டமைப்பு போய்விட்டது. புதிய ஒளி அச்சின் எழுத்துகளோ கரடுமுரடாக இருந்தன. அதே ஆண்டில் புள்ளிகளால் அச்சான மற்றொரு நூலின் படிகளைக் கண்டதும், அச்சு என்பது இறுதியில் ஒன்றும் சுழியும்தானே, இது தம் துறைக்குரிய வேலையன்றோ என்று உணர்ந்தார். எழுதிவந்த நூலை நிறுத்திவிட்டு அச்சுக்கோப்பிற்கு டெக் என்பதையும் எழுத்துருவிற்கு மெட்டாபாண்ட் என்பதையும் படைக்க முனைந்தார். சில மாதங்களில் முடியும் என்று தொடங்கியது ஆண்டுக்கணக்கில் நீண்டது.

மெட்டாபாண்டில் எழுத்து என்பது விளிம்புக்கோடும் அன்று, புள்ளிக் கூட்டமும் அன்று; பேனா ஒன்று செல்லும் பாதை. பேனாவின் முனை எவ்வளவு அகலம், எங்கே சாய்வு என்பவற்றையெல்லாம் எழுதிவைத்தால், எந்த அச்சுப்பொறிக்கு வேண்டுமென்று சொன்ன மாத்திரத்தில் அதற்கேற்ற புள்ளிகளை அது ஆக்கித்தரும். அவர் ஆக்கிய எழுத்துருக் குடும்பம் 62 அளவுகளால் ஆளப்பட்டது. உரோமன் எழுத்துகளுள் 'எஸ்' அவரைப் படாதபாடு படுத்தியது. அந்த ஓர் எழுத்தைப் பற்றி மட்டுமே 1980-இல் தனிக்கட்டுரை எழுதினார். இரட்டை வளைவுடைய ஓர் எழுத்துக்கே இப்பாடு என்றால் 'ஞ'வையும் 'ஐ'யையும் வரைய முயல்வோர் நிலையை எண்ணிப்பார்க்கலாம். அவருடைய மாணவர் ஜான் ஹாபி, பேனாவின் பாதையைப் புள்ளியாக்கும்போது கோட்டின் தடிமன் ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தோன்றாதிருக்க வழி கண்டு 1985-இல் முனைவர் பட்ட ஆய்வேடு அளித்தார்.

மூன்றரைப் புள்ளித் தண்டு

தடிமன் மாறுபடுவது சிறு குறையாகத் தோன்றலாம். உண்மையில் இவ்வரலாற்றின் மையச் சிக்கல் அதுவே.

ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் 1982-இல் தொடங்கிய அடோபி நிறுவனம் 1984-இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க விளக்க மொழியை வெளியிட்டது. மறு ஆண்டு வந்த ஆப்பிள் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி அம்மொழியைப் புரிந்துகொண்டது. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இட்டது. அமெரிக்கக் கடிதத்தாள் ஒன்றுக்கு அகலத்தில் 2550, நீளத்தில் 3300, ஆக 84 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொன்றும் கறுப்பா வெள்ளையா என்று கருவி முடிவுசெய்தது. புள்ளியின் நடு விளிம்புக்கோட்டுக்குள் விழுந்தால் கறுப்பு, வெளியே விழுந்தால் வெள்ளை, விதி இவ்வளவே.

இவ்விதியில்தான் இடர் இருந்தது. 10 பாயிண்ட் எழுத்து ஒன்றின் முழு உயரம் இப்பொறியில் ஏறத்தாழ 42 புள்ளிகள். அதன் நெடுந்தண்டின் அகலம் மூன்றரைப் புள்ளி என்று கொள்வோம். அரைப்புள்ளியை அச்சிட முடியாது. தண்டு வலையின்மேல் விழும் இடத்தைப் பொறுத்து ஓரிடத்தில் மூன்று புள்ளியாகவும் ஓரிடத்தில் நான்காகவும் அமையும். ஒரே எழுத்தின் இரு கால்களுள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் நிற்கும். கோட்டில் இல்லாத வேறுபாட்டைப் புள்ளி புகுத்திவிடும். அங்குலத்துக்கு 72 புள்ளிகளே உடைய அக்காலத் திரையிலோ நிலை இன்னும் மோசம். அங்கே அத்தண்டு ஒரு புள்ளிக்கும் குறைவு. மெல்லிய கோடு இரு புள்ளி நடுக்களுக்கிடையே நழுவிச் சென்றால் ஒரு புள்ளியும் கறுக்காது. எழுத்து நடுவில் அறுந்துபோகும்.

அடோபியின் தீர்வு நுட்பமானது. புள்ளிகளைத் திருத்துவதற்கு மாறாக, புள்ளியாக்கும் முன்னரே விளிம்புக்கோட்டைச் சிறிது இழுத்தோ அமுக்கியோ வலைக்குப் பொருந்தவைத்தனர். இது தண்டு, இது அடிவரை, இவ்விரண்டும் ஒரே அகலமாதல் வேண்டும் என்னும் குறிப்புகளை எழுத்துருவை ஆக்குவோர் கோட்டோடு சேர்த்தே எழுதிவைப்பர். கோடு தன் உருவை மட்டுமன்றித் தன் நோக்கத்தையும் உடன்கொண்டு செல்லும். உரையாசிரியர் நூற்பாவுக்கு இடம்நோக்கிப் பொருள்கொள்வதுபோலக் கருவியும் குறிப்பின் துணையால் இடம்நோக்கிப் புள்ளி கொள்ளும்.

இக்குறிப்புகளைப் படிக்கும் முறையை அடோபி எவருக்கும் சொல்லாமல் பூட்டி வைத்திருந்தது. ஆப்பிளும் மைக்ரோசாப்டும் அதற்கெதிராகக் கைகோத்தன. 1989-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் அக்கூட்டு அறிவிக்கப்பட்டபோது வார்னாக் குரல் தழுதழுக்க எதிர்த்துப் பேசினார். எனினும் 1990-இல் தம் நிறுவனத்தின் முறையை வெளியிட நேர்ந்தது. ஆப்பிளின் ட்ரூடைப் 1991-இல் வந்தது. அடோபியின் முறையில் எழுத்துரு குறிப்புத் தரும், கருவி முடிவுசெய்யும். ட்ரூடைப்பிலோ எந்தப் புள்ளியை எங்கே நகர்த்தவேண்டும் என்ற ஆணையையே எழுத்துருவுக்குள் எழுதலாம். வணிகப் போரின் ஆரவாரத்தில் மறைந்துபோன உண்மையான வேறுபாடு இதுவே: கடைசிப் புள்ளியின் பொறுப்பு கருவியைச் சேர்ந்ததா, எழுத்தை வரைந்தவரைச் சேர்ந்ததா?

கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே சாம்பல் நிறத்தை அனுமதிப்பது வேறொரு வழி. விளிம்பு ஒரு கட்டத்தின் பாதியை மறைத்தால் அக்கட்டத்துக்குப் பாதிக் கறுமை தருவது. படம் வரையும் துறையில் பிராங்க் குரோ 1977-இல் இதனை விளக்கி எழுதினார். எழுத்துக்கு இதனைக் கையாள்வது பற்றி 1980-இல் எழுதியவர் அப்போது செராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த வார்னாக்கேயாவார். படி படியாகத் தெரிந்த விளிம்பு கண்ணுக்கு மென்மையாகும். ஆனால் சிறு எழுத்துகள் சற்று மங்கும். 1998-இல் மைக்ரோசாப்ட் அறிவித்த கிளியர்டைப், ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் உள்ள செந்நிற, பச்சை, நீலக் கூறுகளைத் தனித்தனியே பயன்படுத்தி இதனை மேலும் நுணுக்கியது.

இவ்வரலாற்றில் தனித்து நிற்பவர் மேத்யூ கார்ட்டர். இளமையில் நெதர்லாந்தில் எஃகுத் துண்டில் எழுத்து வெட்டப் பயின்றவர். 1978-இல் அமெரிக்கத் தொலைபேசிப் பட்டியலுக்காக அவர் ஆக்கிய பெல் சென்டெனியல் எழுத்துருவைக் கட்டத்தாளில் புள்ளி புள்ளியாகக் கையால் குறித்தார். விரைந்தோடும் அச்சில் மை பரவி மூலைகள் அடைபடும் என்பதறிந்து அம்மூலைகளில் முன்கூட்டியே பள்ளம் விட்டார். மைக்ரோசாப்டுக்காக 1996-இல் வெர்தானா, ஜார்ஜியா ஆகிய எழுத்துருக்களை ஆக்கியபோது வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கினார். திரையில் நன்கு படிக்கத்தக்க புள்ளி வடிவத்தை முதலில் வரைந்தார். பின்னர் அப்புள்ளிகளைச் சூழ்ந்து கோடு அமைத்தார். பின்னர் அக்கோடு திரையில் எத்தகைய புள்ளிகளாக வேண்டும் என்னும் குறிப்புகளைத் தாம் ரிக்னர் எழுதினார். புள்ளியை முதலில் வைத்துக் கோட்டைப் பின்னர் சுற்றும் வழி கோலமிடும் கைகளுக்குப் புதிதன்று.

தமிழில் ஒரு புள்ளி

கோலமும் கணிப்பொறியும் சந்தித்த இடம் சென்னைத் தாம்பரம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் கோல வடிவங்களை இலக்கண விதிகளால் பிறப்பிக்கலாம் என்று 1974-இல் ஆய்வுக்கட்டுரை எழுதினர். எண்ணற்ற கோலங்கள் சில விதிகளுக்குள் அடங்குவதை அது காட்டியது. கல்வெட்டெழுத்திலும் ஈடுபாடு கொண்டிருந்த கிஃப்ட் சிரோமணி 1978-இல் உடனாய்வாளர்களுடன் எதிர்த்திசையில் நடந்தார். அச்சிட்ட தமிழெழுத்தின் புள்ளிப் படத்தைக் கிடைவரிசையாகவும் நெடுவரிசையாகவும் வருடி, அதிலிருந்து இன்ன எழுத்து என்று கணிப்பொறியை அறியச் செய்யும் முறை அது. கோட்டைப் புள்ளியாக்குவதற்கு விதி உண்டு. புள்ளியிலிருந்து கோட்டை மீட்பதற்கு ஊகமே உண்டு. ஒரே புள்ளிக் கூட்டத்தைப் பல வளைவுகள் தந்திருக்கக்கூடும்.

இவ்விழப்பு தமிழில் எத்தகையது என்பதை இரண்டு சொற்கள் காட்டும். 'ன'வை விட 'ண'வில் ஒரு சுழி மிகுதி. அச்சுழியின் உள்ளிடம் திரையில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அது கறுத்தால் மணம் மனமாகும். மெய்யெழுத்தின் தலைமேல் நிற்பதும் ஒரு புள்ளியே. அது எழுத்தோடு ஒட்டினாலோ மறைந்தாலோ பல் பல என்றாகும். மேலே இகரக் கொம்புக்கும் புள்ளிக்கும், கீழே உகரச் சுழிக்கும் இடம் விட்டபின் 10 புள்ளி உயரத்தில் எழுத்தின் உடலுக்கு எஞ்சுவது ஐந்தோ ஆறோ. தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி விதித்தது. ஆயினும் ஓலைச்சுவடிகளில் புள்ளியிடாது எழுதுவதே பெருவழக்காக இருந்தது. பதிப்பாசிரியர்கள் இடம்நோக்கிப் புள்ளியை மீட்டனர். சுவடியில் விடுபட்ட புள்ளியும் திரையில் நழுவிய புள்ளியும் வாசகனிடம் வேண்டுவது ஒன்றையே.

1991-இல் வெளிவந்த யூனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் அது பரவ நெடுங்காலமாயிற்று. 1990-களில் தமிழ்நாட்டு டி.டி.பி. நிலையங்களிலும் இணையப் பக்கங்களிலும் நிறுவனத்துக்கு நிறுவனம், எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறுபட்டது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று 1995-இல் நான்கு மொழிக் கவிதைத் தொகுப்பொன்றின் தமிழ்ப் பகுதியை இணையத்தில் ஏற்றினார். தமிழின் தொடக்க இணையப் பக்கங்களுள் அது ஒன்று. படிப்பவர் கணிப்பொறியில் உரிய எழுத்துரு இல்லையெனில் வெறுங்கிறுக்கலே தெரிந்த அந்நாளில், கவிதையைப் புள்ளிப் படமாக்கி வெளியிட்டோர் பலர். படம் எங்கும் தெரியும் என்பது அதன் வசதி. ஆனால் அப்படத்துள் ஒரு சொல்லைத் தேட இயலாது. பெரிதாக்கினால் வளைவு படிக்கட்டாகும். ஒரு பிழையைத் திருத்தவேண்டுமாயின் கவிதை முழுவதையும் மீண்டும் எழுதவேண்டும். அவ்வாறு படமாக நின்ற கவிதைகளில் மூலக்கோப்புப் பேணப்பட்டவை பிழைத்தன. படம் மட்டுமே எஞ்சியவை இன்னும் படமாகவே உள்ளன.

அக்கால மலர்களின் நிலையும் இதுவே. அச்சகத்தில் நெகிழ்வட்டில் இருந்த கோப்பைத் திறக்கும் மென்பொருள் வழக்கொழிந்தது. எஞ்சியது தாளில் விழுந்த புள்ளி. அத்தாளை இன்று வருடிப் படமாக்குவது எளிது. எழுத்தறி மென்பொருள்களும் சிரோமணி காலத்தைவிட வெகுதூரம் வந்துவிட்டன. ஆயினும் மங்கிய தாளில் ஒரு சுழி அடைபட்டிருந்தால் அவையும் தடுமாறுகின்றன. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சிட்டுத் தருவதும், மற்றொருவர் மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புத் திருத்துவதும் நடைமுறையாக அமைந்தன. மணமா மனமா என்று ஐயுறும் இடத்தில் அவர்கள் செய்யுளின் முன்வரியையும் பின்வரியையும் படித்துப் பார்த்தே சுழியை இடுகின்றனர்.